நிக்கல் பூவும் சுகிந்தாவின் மேல்மண்ணும்

"ஒடிசாவில் நிக்கல் இருக்கிறது" என்ற வாக்கியம் அண்மைக் காலமாகக் கருத்தரங்க உரைகளிலும் ஆய்வேட்டு முன்னுரைகளிலும் அடிக்கடி தென்படுகிறது. வாக்கியம் பொய்யன்று. ஆனால் அந்த 'இருக்கிறது' எந்த வகை இருப்பு என்பதைப் பெரும்பாலோர் கேட்பதில்லை. உப்பளப் பாத்தியிலும் உப்பு இருக்கிறது, கடலிலும் உப்பு இருக்கிறது. வினைச்சொல் ஒன்றுதான். பாத்தியில் இருப்பதை வாரி எடுக்கலாம், கடலில் இருப்பதை வார முடியாது. நிக்கலைப் பற்றிய பேச்சில் இந்த வேறுபாடு தொலைந்துபோனதற்கு ஒரு காரணம் சொல்லிலேயே இருக்கிறது.

2023ஆம் ஆண்டு ஒன்றிய சுரங்க அமைச்சகம் 30 முக்கியக் கனிமங்களின் பட்டியலை வெளியிட்டது. அதில் நிக்கலும் உண்டு. 2025 ஜனவரியில் ஒன்றிய அமைச்சரவை தேசிய முக்கியக் கனிமத் திட்டத்துக்கு ரூ.16,300 கோடி ஒதுக்கி ஒப்புதல் தந்தது. அந்தப் பட்டியலை ஒரு கனிமவியல் மாணவர் படித்தால் சற்றே திகைப்பார். கோபால்ட், லித்தியம், நிக்கல், டங்ஸ்டன், வனேடியம் என்று வரிசையாக வருபவை தனிமங்கள். கனிமவியல் பொருளில் ஒரு கனிமத்தின் பெயர் என்று ஐயமின்றிச் சொல்லத்தக்கது கிராஃபைட் மட்டுமே. ஆட்சி மொழியில் 'கனிமம்' என்றால் தனிமம் என்று பொருள் மாறிவிட்டது. பொருள் மாற்றம் மொழிக்கு இயல்பு, அதைக் குறையாகச் சொல்வதற்கில்லை. ஆனால் மண்ணுக்குள் தனிமம் கிடப்பதில்லை. தனிமம் ஏதோ ஒரு கனிமத்துக்குள், ஏதோ ஓர் அமைப்பில், ஏதோ ஒரு துணையோடு கிடக்கிறது. அந்தத் துணை எது என்பதுதான் செலவையும் நஞ்சையும் தீர்மானிக்கிறது.

இதை விளங்கிக்கொள்ள, வணிக மதிப்பே இல்லாத ஓர் அரிய கனிமத்திலிருந்து தொடங்குவது நல்லது. அதன் பெயர் அன்னபெர்கைட். ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியிலுள்ள அன்னபெர்க் என்ற சுரங்க நகரின் பெயரால் 1852இல் இப்பெயர் வழங்கப்பட்டது. வேதியியல்படி இது நீரேறிய நிக்கல் ஆர்சனேட்: மூன்று நிக்கல் அணுக்களுக்கு இரண்டு ஆர்சனேட் தொகுதிகள், எட்டு நீர் மூலக்கூறுகள். நிறம் ஆப்பிள் பச்சை. நிக்கலின் இடத்தில் மக்னீசியம் கூடக்கூடப் பச்சை வெளுத்து ஏறக்குறைய வெள்ளையாகிவிடும். ஒற்றைச்சரிவுப் படிகத் தொகுதியைச் சேர்ந்தது. கடினத்தன்மை மோஸ் அளவுகோலில் 1.5 முதல் 2.5 வரை, அதாவது விரல் நகத்தால் கீறினாலே கோடு விழும். அடர்த்தி நீரைப்போல் சுமார் மூன்று மடங்கு. அணுக்கள் அடுக்கடுக்காக அமைந்து, அடுக்குகளை நீர் மூலக்கூறுகளின் மெலிந்த பிணைப்பு மட்டுமே சேர்த்துப் பிடித்திருப்பதால், ஒரே திசையில் தகடு தகடாகப் பிளக்கும். நிக்கலின் இடத்தைக் கோபால்ட் முழுமையாகப் பிடித்துக்கொண்டால் அதே அமைப்பு செந்நிறம் பெற்று எரித்ரைட் ஆகிறது. இரண்டுக்கும் நடுவே எல்லா விகிதக் கலவைகளும் இயற்கையில் இயலும்.

அன்னபெர்கைட் பெரும்பாலும் படிகமாகக் கிடைப்பதில்லை. பாறை வெடிப்பில் பூசினாற்போன்ற மெல்லிய தூளாக, மேலோடாகவே தென்படும். கண்ணால் காணத்தக்க நல்ல படிகங்கள் மிக அரிது. பழங்கால ஏதென்சுக்கு வெள்ளி தந்த லாவ்ரியோன் சுரங்கப் பகுதி அவற்றுக்குப் புகழ்பெற்றது. சாக்சனியின் ஷ்னீபெர்க், கனடாவின் ஒன்டாரியோவிலுள்ள கோபால்ட் என்ற ஊர் ஆகியவை ஏனைய அறியப்பட்ட இடங்கள். எங்கே தோன்றினாலும் விதி ஒன்றே. நிக்கலும் ஆர்சனிக்கும் சேர்ந்த முதல்நிலைத் தாது, காற்றும் நீரும் எட்டும் ஆழத்துக்கு வரும்போது சிதைகிறது. கரைந்த நிக்கலும் ஆக்சிஜனேற்றம் பெற்ற ஆர்சனிக்கும் அருகிலேயே மீண்டும் கூடிப் பச்சையாகப் படிகின்றன. பிறந்த கனிமம் அழிந்து அதன் எச்சத்திலிருந்து தோன்றுவதால் இது இரண்டாம் நிலைக் கனிமம் எனப்படுகிறது.

'இரண்டாம் நிலைக் கனிமம்' என்பது பாடநூல் தொடர். ஜெர்மானியச் சுரங்கத் தொழிலாளர்கள் இதை நிக்கல் பூ என்றார்கள். கல் பூத்தது என்பது அவர்கள் பார்வை. தமிழுக்கு இந்தப் பார்வை புதிதன்று. ஈரச் சுவரில் உப்புப் பூக்கிறது, நெடுநாள் வைத்த பண்டத்தில் பூஞ்சை பூக்கிறது, அடுப்புத் தணல் மீது சாம்பல் பூக்கிறது. உள்ளிருப்பது மேற்பரப்புக்கு வந்து வேறொன்றாகத் தெரிவதைத் தமிழ் 'பூத்தல்' என்ற ஒரே வினையால் சொல்கிறது. அதைவிட நெருக்கமான சொல்லும் உண்டு: களிம்பு. செம்பின் மேல் படியும் பச்சை, செம்பின் இரண்டாம் நிலைக் கனிமம் அன்றி வேறில்லை. சைவ சித்தாந்தம் ஆணவ மலத்துக்குச் செம்பிற் களிம்பை உவமையாக்கி, அது இடையில் வந்ததன்று, உடன்பிறந்தது என்றது. வேதியியல் அப்படிச் சொல்லாது. களிம்பு காற்றும் ஈரமும் கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்த பிறகே உண்டாவது. எனினும், களிம்பைக் கண்டால் உள்ளே இருப்பது செம்பு என்று அறியலாம் என்ற நடைமுறை அறிவு உவமைக்கு அடியில் இருக்கிறது. அந்த அறிவே சுரங்கத் தொழிலாளர்களை முதலில் ஏமாற்றியதும் ஆகும்.

சாக்சனி மலைகளில் செம்பு நிறத்தில் ஒரு தாது கிடைத்தது. நிறமும் செம்பு, மேலே பூத்ததும் பச்சை. ஆகவே செம்பு என்றே உருக்கினார்கள். செம்பு வரவில்லை, ஆர்சனிக் புகைதான் வந்தது. குட்டிப் பேயின் வேலை என்று எண்ணி அதற்குக் 'குப்ஃபர்நிக்கல்' என்று பெயரிட்டார்கள். குப்ஃபர் என்பது செம்பு. நிக்கல் என்பது நிக்கோலஸ் என்ற பெயரின் குறுக்கம், குறும்புக்காரப் பேய்க்கு வழங்கியது. 1751இல் சுவீடனைச் சேர்ந்த ஆக்சல் ஃபிரெடரிக் கிரான்ஸ்டெட், லோஸ் என்ற இடத்துக் கோபால்ட் சுரங்கத்திலிருந்து வந்த தாதுவை ஆராய்ந்தார். அமிலத்தில் கரைத்தபோது கரைசல் பச்சையாயிற்று. செம்பு இருந்தால் அக்கரைசலில் இட்ட இரும்பின் மேல் செம்பு படிந்திருக்க வேண்டும். எதுவும் படியவில்லை. தாதுவின் சிதைந்த மேற்பரப்பில் இருந்த பச்சைத் துகள்களை எடுத்துச் சுட்டு, கரியோடு சேர்த்து ஒடுக்கினார். கிடைத்தது வெண்ணிற உலோகம். 1754இல் பேயின் பெயரையே அதற்கு வைத்தார். அது புதிய தனிமம் அன்று, கோபால்ட்டும் இரும்பும் ஆர்சனிக்கும் கலந்த கலவை என்று சிலர் மறுத்துக்கொண்டிருந்தனர். 1775இல் டோர்பெர்ன் பெர்க்மன் தூய்மை மிகுந்த நிக்கலைத் தயாரித்து அந்த வழக்கை முடித்தார்.

இந்தக் கதை வகுப்பறைகளில் பேய்ப் பெயருக்காகவே சொல்லப்படுகிறது, மாணவர்கள் சிரிப்பதோடு முடிந்துவிடுகிறது. அதைவிட முதன்மையான செய்தி வேறு. நிக்கல் என்ற தனிமம் மனித அறிவுக்குள் நுழைந்தது, எவருக்கும் பயன்படாது என்று ஒதுக்கத்தக்க ஒரு பச்சைத் தூளின் வழியாக. எவ்வளவு இருக்கிறது என்று கிரான்ஸ்டெட் கேட்கவில்லை, எதுவாக இருக்கிறது என்று கேட்டார். தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாகத் தோற்ற இடத்தில் அவருக்கு வெற்றி கிடைத்தது அந்தக் கேள்வியால்தான்.

பெயர்களுக்கு ஒரு வரலாறு உண்டு, அது எப்போதும் நேரானதன்று. பசிபிக்கிலுள்ள நியூ கலிடோனியாத் தீவில் 1860களில் ழூல் கார்னியே கண்ட பச்சை நிக்கல் தாதுவுக்குக் கார்னியரைட் என்ற பெயர் வந்தது. இன்றும் சுரங்கத் துறையில் அச்சொல் இல்லாமல் பேச முடியாது. ஆனால் பன்னாட்டுக் கனிமவியல் சங்கம் அதைத் தனிக் கனிமமாக ஏற்கவில்லை. காரணம், அச்சொல் நிக்கல் கலந்த பல சிலிகேட்டுகளின் கூட்டத்துக்கு ஒரே சட்டை போட்டதுபோல் வழங்குகிறது. உள்ளே நேபூவைட் இருக்கலாம், நிக்கல் ஏறிய டால்க் வகை இருக்கலாம். பைமலைட் என்ற மற்றொரு பழம்பெயர் 2006இல் நீக்கப்பட்டது. பெயரை நீக்குவது பண்டிதர்களின் வெட்டி வேலை என்று தோன்றலாம். உண்மையில் அது ஒரு நேர்மை. உலையில் ஒன்றுபோல் நடந்துகொள்ளாத பொருள்களுக்கு ஒரே பெயர் இருக்கலாகாது என்பதே அதன் உட்பொருள்.

இந்தியாவுக்கும் இவ்வகையில் ஒரு கதை உண்டு. ராஜஸ்தானின் கேத்ரி சுரங்கங்களிலிருந்து வந்த கோபால்ட் தாதுவை ஜெய்ப்பூர் எனாமல் வினைஞர்கள் நீல நிறம் ஏற்றப் பயன்படுத்தினார்கள். அதை அவர்கள் 'சேதா' என்று அழைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஐரோப்பிய நூலொன்றில் இந்தியாவிலிருந்து கிடைத்த கோபால்ட் சல்ஃபைடு என்று ஒரு கனிமம் 'ஸைபூரைட்' என்ற பெயரில் ஏறியது. ஜெய்ப்பூர் என்ற ஊர்ப்பெயர்தான் எழுத்துப் பெயர்ப்பில் அப்படித் திரிந்தது. பின்னர் அது ஜெய்ப்புரைட் என்று திருத்தப்பட்டது. 1881இல் இந்திய நிலவியல் ஆய்வகத்தின் மாலட் கேத்ரி தாதுவை ஆராய்ந்து, அது கோபால்டைட்டும் டனாய்ட்டும் என்று எழுதினார். ஊர்ப்பெயர் திருந்திற்று, கனிமம் நிலைக்கவில்லை. வினைஞர்களின் 'சேதா' மட்டும் தொடக்கத்திலிருந்தே சரியான பொருளைச் சரியான பயனோடு குறித்துக்கொண்டிருந்தது. வழக்குச் சொல்லைத் திரட்டாமல் கலைச்சொல்லை ஆக்குவோருக்கு இதைவிட நல்ல எச்சரிக்கை கிடைக்காது.

இங்கே தமிழில் எழுதுவோருக்கு ஒரு சொல். அன்னபெர்கைட் போன்ற பெயர்களுக்குத் தூய தமிழ்ப் பெயர் கட்டும் முயற்சி அவ்வப்போது நடக்கிறது. அது வேண்டாத உழைப்பு. இப்பெயரின் உள்ளே ஓர் ஊர் இருக்கிறது, அந்த ஊர் ஒரு சான்று. அதை மொழிபெயர்த்தால் சான்று அழிந்துவிடும். மாறாக, ஆர்சனிக் கனிமங்களுக்குச் சித்த மருத்துவ மரபில் அரிதாரம், மனோசிலை, வெள்ளைப் பாஷாணம் என்று தனித்தனிப் பெயர்கள் ஏற்கெனவே உள்ளன. மஞ்சள் சல்ஃபைடும் சிவப்புச் சல்ஃபைடும் வெள்ளை ஆக்சைடும் ஒன்றோடொன்று குழம்பாமல் அவை பிரித்துக் காட்டுகின்றன. ஆர்சனிக் என்று தனிமத்தின் பெயரை மட்டும் சொல்லி நிறுத்தாத மரபு அது, ஏனெனில் உட்கொள்பவரின் உயிர் எந்த வடிவம் என்பதைப் பொறுத்திருந்தது. செம்பூராங்கல், களிம்பு, துரு ஆகியவையும் அப்படியே. இருக்கும் சொல்லை ஆளுவதும், ஊரைச் சுமக்கும் பெயரை ஒலிபெயர்ப்பதும் முரண்பட்ட கொள்கைகள் அல்ல.

இனிச் சுகிந்தாவுக்கு வரலாம். இந்தியச் சுரங்கக் கழகத்தின் ஆண்டு நூல் தரும் கணக்குப்படி, 2015 ஏப்ரல் நிலவரத்தில் நாட்டின் நிக்கல் தாது வளம் 18.9 கோடி டன். அதில் 17.5 கோடி டன், அதாவது சுமார் 92 விழுக்காடு, ஒடிசாவில். ஜார்க்கண்டின் சிங்பூம் பகுதியில் செம்போடும் யுரேனியத்தோடும் சேர்ந்த சல்ஃபைடாகச் சிறிதளவு உண்டு. நாகாலாந்தில் நிக்கல் கலந்த மாக்னடைட் உண்டு. ஒடிசாவின் பெரும்பங்கு ஜாஜ்பூர் மாவட்டத்தின் சுகிந்தாப் பள்ளத்தாக்கில், குரோமைட் சுரங்கங்களின் மேல்மண்ணில் கிடக்கிறது. அதில் நிக்கலின் அளவு 0.4 முதல் 0.9 விழுக்காடு வரை.

17.5 கோடி டன் என்ற எண் மேற்கோளாகப் பரவுகிறது. அந்த நிக்கல் எதுவாக இருக்கிறது என்ற அடுத்த வரி பரவுவதில்லை. அன்னபெர்கைட்டைப்போல் நிக்கல் தனக்கென ஒரு கனிமத்தைக் கட்டிக்கொண்டு அங்கே இல்லை. மக்னீசியமும் இரும்பும் மிகுந்த ஆழ்நிலைப் பாறைகளின் ஆலிவின் படிகங்களில் மக்னீசியத்தின் இடத்தில் சிறிதளவு நிக்கல் அமர்ந்திருக்கும். இரண்டின் அயனி ஆரங்களும் ஏறக்குறைய சமம் என்பதால் அது எளிதில் இயல்வது. வெப்பமண்டல மழையில் பல இலட்சம் ஆண்டுகள் நனைந்து அப்பாறை சிதையும்போது மக்னீசியம் கரைந்து போய்விடுகிறது, இரும்பு தங்கிக் கோத்தைட் என்ற துரு நிறக் கனிமமாகிறது. விடுபட்ட நிக்கலுக்கு இரண்டு வழிகள். நீரோடு கீழிறங்கி, சிதைந்த பாறையின் அடித்தட்டில் சிலிக்காவோடு கூடிப் பச்சைச் சிலிகேட்டாகப் படிவது ஒன்று. அது கார்னியரைட், நியூ கலிடோனியாவின் வழி. மேலேயே தங்கி, கோத்தைட்டின் படிகக் கூட்டுக்குள் இரும்பின் இடத்தில் அங்கொன்று இங்கொன்றாகப் புகுந்துகொள்வது மற்றொன்று. சுகிந்தாவின் நிக்கலில் பெரும்பகுதி இரண்டாம் வழியில் சென்றது. அதற்குப் பச்சை நிறமில்லை, பூக்கவில்லை. சிவப்பும் மஞ்சளுமான வெறும் மண்ணாகத் தெரிகிறது.

இதன் விளைவு எளிமையானது, கடுமையானது. தனிக் கனிமமாக இருக்கும் உலோகத்தை, தாதுவை அரைத்து, மிதக்கவைத்தோ காந்தத்தாலோ எடையாலோ பிரித்துச் செறிவூட்டலாம். கோத்தைட்டின் கூட்டுக்குள் அணு அணுவாகப் பரவிய நிக்கலை எவ்வளவு நுண்ணிதாக அரைத்தாலும் பிரிக்க முடியாது, ஏனெனில் பிரிப்பதற்குத் துகளே இல்லை. கூட்டையே உடைக்க வேண்டும். 0.7 விழுக்காடு என்று கொண்டால், 7 கிலோ நிக்கலுக்காக ஒரு டன் மண் முழுவதையும் சூடாக்கவோ அமிலத்தில் கரைக்கவோ நேரும். புவனேசுவரத்தின் ஆய்வு நிறுவனங்கள் பல பத்தாண்டுகளாக ஒடுக்க வறுத்தலும் அம்மோனியாக் கரைப்பும், நுண்ணுயிர்க் கரைப்பும் என்று முயன்றுவருவது இதனால்தான். அது திறமைக் குறைவு அன்று. வெளியிலிருந்து பார்ப்பவர் "இவ்வளவு வளம் இருந்தும் ஏன் எடுக்கவில்லை" என்று கேட்கிறார், உள்ளிருப்பவர் அந்தக் கேள்வியிலுள்ள 'வளம்' என்ற சொல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்.

பொறியியல் தரப்பிலிருந்து ஒரு மறுப்பு வரும், அது மதிக்கத்தக்கது. தொழில்நுட்பம் மாறும், கியூபாவின் மோவாவில் 1959 முதலே உயரழுத்தத்தில் சுமார் 250 பாகை வெப்பத்தில் கந்தக அமிலம் கொண்டு இத்தகைய மண்ணைக் கரைக்கிறார்கள், இந்தோனேசியா அதையே பெரிய அளவில் செய்கிறது, ஆகவே கனிமப் பெயரைப் பிடித்துக்கொண்டு தயங்குவது பழமைவாதம் என்பது அந்த மறுப்பு. இயலும் என்பதில் ஐயமில்லை. ஆனால் இந்த மறுப்பே முன்சொன்ன வாதத்துக்குத் துணை செய்கிறது. அமிலம் எவ்வளவு, எரிபொருள் எவ்வளவு, எஞ்சும் கழிவு எவ்வளவு என்ற எல்லாக் கணக்குகளும் 'நிக்கல்' என்ற சொல்லிலிருந்து வருவதில்லை, 'கோத்தைட்' என்ற சொல்லிலிருந்து வருகின்றன. நிக்கலைவிட நூறு மடங்குக்குக் குறையாத மண் கழிவாக எஞ்சும் என்று முதல் வரியிலேயே எழுதிய அறிக்கையும், 17.5 கோடி டன் என்று தொடங்கும் அறிக்கையும் படிப்பவர் மனத்தில் ஒரே முடிவை உண்டாக்கா.

அந்தக் கழிவு எங்கே குவியும் என்பதும் தெரியாத செய்தியன்று. இந்தியாவின் குரோமைட்டில் மிகப் பெரும்பங்கு சுகிந்தாவில்தான். திறந்தவெளிச் சுரங்கத்தில் தாதுவை எட்டுவதற்கு முன் பல மடங்கு மேல்மண்ணை அகற்ற வேண்டியிருக்கிறது, அது குன்று குன்றாகக் கொட்டப்பட்டுள்ளது. நிக்கல் இருக்கும் மண் அதுவே. மேல்மண்ணில் நிக்கல் மட்டும் இல்லை, குரோமியமும் இருக்கிறது. குரோமைட்டுக்குள் அது மூவிணைதிற நிலையில் பெரிதும் தீங்கற்றுக் கிடக்கும். காற்றும் மழையும் மாங்கனீசு ஆக்சைடுகளும் சேரும்போது அதில் ஒரு பகுதி அறுவிணைதிறக் குரோமியமாக மாறுகிறது. அது நீரில் கரையும், புற்றுநோய் உண்டாக்கும். குடிநீரில் குரோமியத்துக்கு இந்தியத் தர நிர்ணயம் அனுமதிக்கும் எல்லை லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். உலகின் மிக மாசடைந்த இடங்கள் என்று பிளாக்ஸ்மித் நிறுவனம் 2007இல் வெளியிட்ட பத்து இடங்களின் பட்டியலில் சுகிந்தா இடம்பெற்றது.

ஆக, ஒரே தனிமம், இரண்டு வடிவம், இரண்டு விளைவு. இதே வேறுபாட்டைத்தான் பாஷாணப் பெயர்கள் பிரித்துக் காட்டின. 'குரோமியம் இருக்கிறது' என்ற வாக்கியம் பள்ளத்தாக்கின் பழங்குடிக் குடும்பங்களுக்கு எதையும் சொல்வதில்லை. எந்தக் குரோமியம், கிணற்றிலா கல்லிலா என்பதே அவர்களுக்குப் பொருள் தருவது. நிக்கலுக்கும் அதே கேள்வி பொருந்தும் என்பதைப் புறக்கணிக்கும் உரிமை அவர்களுக்குத் தொலைவில் அமர்ந்து எழுதுவோருக்கு இல்லை.

செய்யத்தக்கது பெரிதொன்றும் அன்று. முக்கியக் கனிமங்கள் பற்றி எழுதப்படும் ஒவ்வோர் ஆய்வேட்டிலும், ஒவ்வொரு திட்ட மதிப்பீட்டிலும் வள அட்டவணையில் டன்னுக்கும் விழுக்காட்டுக்கும் அருகே இன்னுமொரு நிரல் வேண்டும்: உலோகம் எந்தக் கனிமத்துக்குள் இருக்கிறது, அதோடு வேறென்ன விடுபடும். நிலவியலாளர்களிடம் இந்தத் தரவு பெரும்பாலும் ஏற்கெனவே உண்டு. எக்ஸ் கதிர் விளிம்பு வளைவும் நுண்ணோக்கியும் தந்தவை ஆய்விதழ்களில் கிடக்கின்றன. அவை பொருளியல் துறைக்கும் கொள்கைத் துறைக்கும் பெயர்த்தெழுதப்படும்போதுதான் அந்த நிரல் உதிர்ந்துவிடுகிறது. சமூக அறிவியல் மாணவர்கள் கோத்தைட் என்ற சொல்லைக் கண்டு அஞ்சி 'நிக்கல் தாது' என்று சுருக்கிக்கொள்வது அவர்களின் குற்றம் மட்டுமன்று. அச்சொல்லை அவர்களுக்கு எவரும் விளக்கித் தந்ததில்லை.

சுகிந்தாவில் மேல்மண் குன்றுகளைக் குறிக்க 'கழிவு' என்ற சொல் நெடுநாள் வழங்கிற்று. முக்கியக் கனிமப் பட்டியலுக்குப் பின் அதே குன்றுகள் 'வளம்' ஆகின்றன. மண் மாறவில்லை, கோத்தைட் மாறவில்லை. மழைக்காலத்தில் அந்தக் குன்றுகளைக் கழுவி இறங்கும் நீர் டம்சாலா ஓடையில் சேர்ந்து, பிராமணி ஆற்றை நோக்கி முன்போலவே ஓடிக்கொண்டிருக்கிறது.